முதுகில் வெயில், முகத்தில் பறவை

கோட்டைப்பட்டினத்துக் கடல் பறவைகளைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பதில் சொல்லப்போய், இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. அத்தனையும் பறக்கும் பறவையைப் படமெடுப்பது பற்றி. உட்கார்ந்திருக்கும் பறவைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

விடியற்காலையில் கரையில் நின்று, படகைச் சுற்றும் பருந்துகளை எடுத்தேன். எல்லாம் கரிக்கட்டையாக வருகின்றன. கேமராவில் கோளாறா?
(கல்லூரி மாணவர், கோட்டைப்பட்டினம்)

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் ஊரைத் திருப்பி வைக்க முடிந்தால் படமும் சரியாகிவிடும். கோட்டைப்பட்டினத்துக்குக் கடல் கிழக்கே. காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் சூரியனும் பறவையும் ஒரே பக்கத்தில் இருக்கும். வெளிச்சம் பறவையின் அந்தப் பக்கத்தில் விழ, உங்கள் பங்குக்கு வருவது இருட்டுப் பக்கம்.

ஊரைத் திருப்ப முடியாது, நீங்கள் திரும்பலாம். ஜெட்டியின் கடைசி நுனிவரை நடந்து போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையைப் பாருங்கள். சூரியன் இப்போது உங்கள் முதுகில். கரைக்கும் உங்களுக்கும் நடுவே வட்டமிடும் செம்பருந்தின் செங்கல் நிறமும் வெள்ளைத் தலையும் அப்படியே வரும். கடற்கரைக்கு வந்து கடலைப் பார்க்காமல் நிற்கிறாரே என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்கு மனமில்லையென்றால் மாலை நாலு மணிக்குப் போங்கள். சூரியன் நிலத்துப் பக்கம் இறங்கியிருக்கும். கரையில் நின்றபடியே கடலைப் பார்க்கலாம், வெயில் தானாக முதுகுக்கு வந்துவிடும். கன்னியாகுமரி போல இரண்டுக்கும் ஒரே இடம் என்ற வசதி பாக் நீரிணைக் கரையில் கிடையாது. காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம், அவ்வளவுதான் கணக்கு.

மாலையில் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தேன், சார். வெளிச்சம் பிரமாதம். ஆனால் எல்லாப் பறவையும் எனக்கு வாலைத்தான் காட்டுகிறது. என் முகராசியா?
(மளிகைக் கடைக்காரர், ஜெகதாப்பட்டினம்)

எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. மார்கழி, தை என்று பந்தயம் கட்டுகிறேன்.

பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பதும் அப்படித்தான். எதிர்க்காற்றில் தூக்கு விசை சும்மா கிடைக்கும்போது அதை எந்தப் பறவையும் விடாது. வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது மாலையில் கரையில் நிற்கும் நீங்கள் மேற்கே இருக்கிறீர்கள். பறவை வடகிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வால்தான் வரும். முகராசி காரணமில்லை.

அதே வாடையில் காலையில் ஜெட்டி நுனிக்குப் போய்ப் பாருங்கள். குளிர்காலச் சூரியன் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி எழும். நீங்கள் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். வடகிழக்கைப் பார்த்து இறங்கும் பறவை உங்களுக்கு முக்கால் முகம் காட்டும்: ஒரு கண், அலகு, மார்பு, விரிந்த இறக்கை, எல்லாம் வெயிலில். படமெடுப்பவர்கள் தவம் கிடப்பது இந்தக் கோணத்துக்குத்தான்.

ஆனி, ஆடி, ஆவணி வந்தால் கணக்கு தலைகீழ். கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். மாலைச் சூரியனும் மேற்கே. கரையில் நின்றால் வெயில், காற்று இரண்டுமே உங்கள் முதுகில். கடல்மேல் இருக்கும் பறவைகள் உங்களைப் பார்த்தே வரும். வலசை வந்த கூட்டம் அப்போது இருக்காது என்பதுதான் குறை. செம்பருந்தும் கொக்கும் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன குறைச்சல்?

காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள செயலி எதுவும் இறக்க வேண்டாம். கரையில் வலை உலர்த்துகிறவரிடம் கேளுங்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்.

நல்ல வெளிச்சம் எத்தனை மணிவரை?
(மீமிசல் வாசகி)

உங்கள் நிழலைக் கேளுங்கள். அது உங்கள் உயரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு இருந்தால் சூரியன் 30 டிகிரியில் இருக்கிறது. அதுவரை எடுக்கலாம். உங்கள் உயரமே நிழலின் நீளமும் என்றால் 45 டிகிரி; டீ குடிக்கப் போகலாம்.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டுக் காலை முழுவதும் பொன்னிற வெயில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். அங்கெல்லாம் சூரியன் சாய்வாக ஏறும், நம் பக்கம் செங்குத்தாக ஏறுகிறது. கோட்டைப்பட்டினம் ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. பங்குனியில் எட்டேகாலுக்கே 30 டிகிரி வந்துவிடும். மார்கழியில் எட்டே முக்கால். சித்திரை பிறந்த இரண்டொரு நாளில், ஏப்ரல் 16 வாக்கில், நண்பகல் சூரியன் அந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அதற்கு முந்திய நாள், ஏப்ரல் 15-ல், விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. படகும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மாம்பழம் சாப்பிடுங்கள்.

என் அத்தா விசைப்படகில் போகிறார். படகு திரும்பும்போது பருந்துகள் மொய்க்கும். மீன் வீசிப் பக்கத்தில் வரவழைத்து எடுக்கலாமா?
(பத்தாம் வகுப்பு மாணவி, கோட்டைப்பட்டினம்)

வீசவே வேண்டாம் தங்கச்சி, உங்கள் வீட்டுத் தொழிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் படகுகள் மறுநாள் காலையில் வந்து அணையும். மீனை இறக்கி, இறால் தனி, நண்டு தனி, காரல் தனி என்று பிரித்து, கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தை ஒதுக்கி, தளத்தைக் கழுவி விடுவார்கள். அந்தக் கழுவு தண்ணீரோடு போகும் துணுக்குகளுக்குத்தான் அத்தனை சிறகும்.

அங்கே செம்பருந்தைக் கொஞ்ச நேரம் படமெடுக்காமல் கவனியுங்கள். அது ஆலாவைப்போல் தலைகுப்புறப் பாயாது. தாழ்ந்து வரும். கடைசி நொடியில் காலை முன்னால் நீட்டி, நீர்மட்டத்தில் மிதப்பதை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டு, இறக்கை நனையாமல் மேலேறும். எல்லோரும் அந்தக் கிள்ளலை எடுக்கத் துடித்து, தண்ணீர்த் தெறிப்பையும் பாதி இறக்கையையும் எடுத்துவிட்டு வருகிறார்கள். விரலை எடுக்காமல் தொடருங்கள். மேலேறிய பின், பறந்துகொண்டே தலையைக் குனிந்து காலில் இருப்பதைக் கொத்தித் தின்னும். அப்போது வேகம் குறைவு, உடல் வளைந்திருக்கும், முகத்தில் வெயில் இருக்கும். படம் அங்கேதான் இருக்கிறது.

ஆலா வேறு ரகம். அலகைக் கீழே பார்க்க வைத்துக்கொண்டு அந்தரத்தில் படபடக்கும், பிறகு விழும். விழுவதை எடுக்க முயலாதீர்கள், படபடப்பை எடுங்கள். கடலில் ஆலா கூடும் இடத்தைப் பார்த்து மீன் கிடக்கும் இடத்தைக் கணிப்பது உங்கள் அத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் ஒருநாள் பாடம் கேளுங்கள், என்னைவிட நல்ல வாத்தியார்.

இந்தக் கடலில் அப்படி என்ன இருக்கிறது, இவ்வளவு பறவை வருவதற்கு?
(மணமேல்குடி வாசகர்)

புல். கிண்டல் இல்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல்; மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இதைப் பெண் கடல் என்றும் சொல்லும் மீனவர்கள் உண்டு. வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் மண்டிக் கிடக்கிறது. அதில் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. அந்தப் புல்லைத் தின்று வாழும் கடற்பசுவுக்காக 2022 செப்டம்பரில் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் தொடங்கி உங்கள் மாவட்டத்து அம்மாபட்டினம்வரை அதன் எல்லை. கடற்பசுவுக்கு ஒதுக்கியதில் ஆலாவும் பங்கு வாங்கிக்கொள்கிறது.

வெள்ளைக் கொக்கு எடுத்தால் வெறும் வெள்ளைக் காகிதம். பருந்து எடுத்தால் கறுப்புக் காகிதம். நடுவில் எதுவும் கிடையாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அறந்தாங்கி)

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு உலகமே சாம்பல் நிறம். இருண்ட கடல் முன் கொக்கு போனால், காட்சி இருட்டாக இருக்கிறதே என்று பதறி எல்லாவற்றையும் வெளுக்கும். பளிச்சென்ற வானத்தில் பருந்து போனால், வெளிச்சம் அதிகமாயிற்றே என்று எல்லாவற்றையும் கறுப்பாக்கும். கடல் முன் கொக்கென்றால் எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். வானத்தின் முன் பருந்தென்றால் ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டுங்கள். பாடப்புத்தக விடை அது.

என் விடை வேறு. மீட்டரை ஓய்வில் அனுப்பிவிடுங்கள். (நீங்கள் ஓய்வு பெற்றவர், அதன் அருமை தெரியும்.) பறவைக்குப் பின்னால் கடல் வரும், வானம் வரும், வலை வரும், படகின் பச்சை வண்ணம் வரும். பறவைமேல் விழும் வெயில் மட்டும் மாறாது. அதனால் மேனுவலில் ஒருமுறை வைத்துவிட்டு மேகம் வரும்வரை தொடாதீர்கள். ஃபிலிம் காலத்துச் சூத்திரம் ஒன்று இன்னும் வேலை செய்கிறது: நல்ல வெயிலில், துளை எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ. அதை நம் தேவைக்கு மாற்றினால் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 1/1600. கொக்கு போன்ற தூய வெள்ளைக்கு ஒரு படி குறைத்து 1/3200. விடிந்த முதல் அரை மணியில் வெயில் இளசு. ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

செம்பருந்துதான் பரீட்சை வைக்கும். தலை சுண்ணாம்பு வெள்ளை, உடல் செங்கல். உடலுக்கு வைத்தால் தலை எரிந்துபோகும். தலைக்கு வையுங்கள். உடலின் நிழலைக் கணினியில் பிறகு தூக்கலாம். எரிந்த வெள்ளையை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஷட்டர் வேகம் 1/500 போதாதா? கார் பந்தயத்தையே அதில் எடுக்கிறார்களே?
(புதுக்கோட்டை வாசகர்)

கார் இறக்கை அடிப்பதில்லை. நொடிக்கு 10 மீட்டர் போகிற ஒரு பறவை, 1/500 நொடியில் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஆலாவின் கண் எவ்வளவு பெரிது? கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடல் நிற்கும், ஆனால் இறக்கை நுனி உடலைவிட வேகமாகப் போகிறது, அது கலையும். 1/2000 வைத்தால் அதே நகர்வு 5 மில்லிமீட்டர். வெயில் இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு?

இல்லை, கலைந்தால்தான் அழகு என்றால் ஒரேயடியாக 1/30-க்கு இறங்குங்கள். பறவையோடு ஒரே சீராகத் திரும்பினால் தலை தெளிவாகவும் இறக்கை புகையாகவும் வரும். இரண்டும் கெட்டான் வேகம்தான் ஆபத்து: பார்ப்பவருக்குக் கலையா, கை நடுக்கமா என்று தெரியாது.

பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் இருட்டடித்துவிடுகிறதே, ஃபிளாஷ் போடலாமா?
(திருமயம் வாசகர்)

வேண்டாம். தரையே ஃபிளாஷ் அடிக்கும். ஈர மணல், கணுக்கால் அளவுத் தண்ணீர், வெளுத்த மணல்திட்டு, இவற்றின் மேல் தாழப் பறக்கும் பறவைக்குக் கீழேயிருந்தும் வெளிச்சம் போகும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போனால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: பாத்திகளின் மேல் வரும் ஆலாவின் அடிவயிறு உள்ளேயிருந்து விளக்கேற்றியதுபோல இருக்கும். அதே பறவை தார்ச்சாலைக்கு மேல் வந்தால் வயிறு அழுக்குச் சாம்பல்.

கோடியக்கரையில் பூநாரைக் கூட்டம் சேற்றில் நின்றுகொண்டே இருந்தது. கூட வந்தவர்கள் கைதட்டிக் கிளப்பினார்கள். அந்தச் சிவப்பு இறக்கை விரிந்த காட்சியை மறக்க முடியாது. தவறென்று என் மனைவி சொல்கிறாள். தங்கள் தீர்ப்பு?
(காரைக்குடி வாசகர்)

உங்கள் மனைவியின் தீர்ப்பை உறுதி செய்கிறேன். செலவுத்தொகையும் அவருக்கே.

ஆசை புரிகிறது. நின்றிருக்கும் பூநாரை வெளிறிய இளஞ்சிவப்பு. இறக்கையின் குங்குமச் சிவப்பும் கறுப்பும் பறந்தால்தான் முழுதாகத் தெரியும். ஆனால் அது அங்கே நிற்பது உங்களுக்காக இல்லை. தலைகீழாக அலகைச் சேற்றில் வைத்து வடிகட்டி வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை கிளப்பிவிட்டால் அந்த இரையும் போச்சு, கிளம்பிப் பறந்த தெம்பும் போச்சு. கரையோரத்து உள்ளான், கோட்டான் வகைகளுக்கு இது இன்னும் பெரிய அடி. அவை சேமிக்கும் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்கு எரிபொருள். அந்த இனங்கள் எவ்வளவு தூரம் ஓட்டும் தெரியுமா? 2022 அக்டோபரில் ஒரு பட்டைவால் மூக்கன், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை ஏறக்குறைய 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து முடித்ததை அதன்மேல் பொருத்திய கருவி பதிவுசெய்தது. அப்படிப்பட்டதன் டாங்கியில் கைதட்டி ஓட்டை போடலாமா?

சட்டமும் உங்கள் மனைவி பக்கம்தான். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில் விலங்கை விரட்டுவதும் இரை காட்டி இழுப்பதும் அடக்கம். மேலே மீன் வீசலாமா என்று கேட்ட தங்கச்சிக்கும் இது பொருந்தும்.

காத்திருந்தால் அவையே பறக்கும், அதற்கு முன்கூட்டியே தகவலும் சொல்லும். குனிந்திருந்த கழுத்துகள் ஒன்றொன்றாக நிமிரும். வாத்துக் குரலில் பேச்சு அதிகமாகும். எல்லாம் ஒரே பக்கம் நடக்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் காற்று வரும் திசை. பிறகு தண்ணீரில் ஓடி எழும்பும். நடை தொடங்கும்போதே நீங்கள் கேமராவைத் தூக்கியிருந்தால் முதல் அடியிலிருந்து கிடைக்கும். கைதட்டியவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் கலைந்து ஓடும் முதுகுகள்.

ஒரு சேதி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், மனைவியோடு போய் வாருங்கள்.

கடற்கரையில் நீள லென்ஸை நீட்டினால் போலீஸ் வந்து விசாரிக்கிறது. என்ன செய்ய?
(பட்டுக்கோட்டை வாசகர்)

விசாரிக்கத்தான் செய்வார்கள். இலங்கைக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது, படகு பிடிபடும் செய்தி வாரம் தவறாமல் வருகிறது. ஆதார் அட்டையை எடுத்துப் போங்கள், ரோந்துக் கப்பலை எடுக்காதீர்கள், கேட்டால் எடுத்த படங்களைத் திருப்பிக் காட்டுங்கள். நூறு கொக்குப் படம் பார்த்தபின் எந்தக் காவலரும் தொடர்ந்து விசாரித்ததாகச் சரித்திரம் இல்லை.

உங்கள் நிலைமை பரவாயில்லை. பறக்கும் பறவையை நொடிக்கு 12 படமாக எடுக்க 1882-ல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே ஒரு கருவி செய்தார். குழல், கட்டை, விசை, எல்லாம் வைத்து அச்சு அசலாகத் துப்பாக்கி. அதைத் தூக்கிக்கொண்டு நேப்பிள்ஸ் கடற்கரையில் பறவைகளைக் குறிவைப்பார், சத்தமே வராது, ஒரு பறவையும் விழாது. ஊரார் அவரைப் பைத்தியம் என்றே முடிவு கட்டினார்கள். உங்கள் விரல் அழுத்தும் 'பர்ஸ்ட்' பொத்தானுக்குக் கொள்ளுத்தாத்தா அந்தத் துப்பாக்கிதான்.

ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்தில் நம்மவர்கள் எப்படி எடுத்தார்கள்?
(பொன்னமராவதி வாசகர்)

பறவையைப் பற்றித் தெரிந்துகொண்டு. மா. கிருஷ்ணனைச் சொல்லலாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் காலமாகும்வரை எழுதினார், தமிழிலும் எழுதினார், கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே ஒன்றைக் கட்டி அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டார். கடையில் கிடைப்பதை வாங்கிவிட்டுக் கடைக்காரரைத் திட்டும் நமக்கு அந்த ஆளைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும்.

முறை எளிது: பறவை திரும்பத் திரும்ப வரும் ஓர் இடத்தில் முன்பே ஃபோகஸ் வைத்துவிட்டு, அது அங்கே வரும்போது அழுத்துவது. ஜெட்டியில் ஒரு கம்பத்தின்மேல் உட்காரும் மீன்கொத்தியிடம் இன்றும் செய்து பார்க்கலாம். 2020-க்குப் பிறகு வந்த கேமராக்கள் பல பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன. பிடித்தபின் வெளிச்சம் சரியில்லையென்றால், தெளிவான மோசமான படம் கிடைக்கும்.

சம்பளம் குறைவு. ஃபோனில் முடியுமா?
(பெயர் வேண்டாம் என்றவர், ஆவுடையார்கோவில்)

முடியும், முதல் கேள்விக்காரரின் கரிக்கட்டையை வேண்டுமென்றே எடுத்தால். விடியலில் கரையில் நின்று, சிவந்த வானத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டமாகப் போகும் கொக்குகளை நிழலுருவாக எடுங்கள். ஒற்றைப் பறவையை ஸூம் செய்யாதீர்கள். அது கொசுவாக மாறி வந்து சேரும். இறக்கைகள் ஒன்றையொன்று மூடாமல் இருக்கும் நொடிக்குக் காத்திருங்கள்.

புயல் நேரத்தில் அபூர்வக் கடல் பறவைகள் கரையொதுங்குமாமே?
(நாகுடி வாசகர்)

ஆமாம், நடுக்கடலில் வாழும் கப்பல்கூழைக்கடா போன்றவை காற்றில் அடித்துவரப்பட்டுக் கரைக்கு வருவதுண்டு. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் நீங்கள் வீட்டுக் கூண்டுக்குள் இருங்கள். காற்று அடங்கிய மறுநாள் போகலாம். சோர்ந்து கிடக்கும் பறவையைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 'பறக்கும் படம்' வேண்டுமென்று அதைத் தூக்கி விடாதீர்கள்.

வானம் வெளிறி இருந்தது. செயற்கை நுண்ணறிவில் செக்கர் வானம் வைத்துக்கொண்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?
(திருச்சி வாசகர்)

பறவைக்குத் தெரியும். அதன் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அது நிஜச் சூரியன் நின்ற இடம். நீங்கள் ஒட்டவைத்த சூரியன் இடப்பக்கம், கண்ணில் மின்னுவது வலப்பக்கம். வெயிலைப் படித்தவன் அரை நொடியில் கண்டுபிடிப்பான். வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள், போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

ஒரே காலையில் 3,000 படம். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?
(கோட்டைப்பட்டினம் வாசகர், தற்போது துபாய், விடுமுறையில் வந்தவர்)

வாலும் பின்பக்கமும் தெரிபவற்றை முதலில் அழியுங்கள். அது பறவை உங்களைப் பற்றிச் சொன்ன கருத்து. அடுத்து கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லாதவை. அடுத்து இறக்கை உடலோடு ஒரே கோட்டில் நீட்டிக்கொண்டு குச்சியாகத் தெரிபவை; முழுக்க மேலே ஏறியதோ முழுக்க இறங்கியதோ மட்டும் நிற்கட்டும். மிச்சம் பத்து தேறும். அதில் பறவைக்கு முன்னால் இடம்விட்ட படத்தை எடுத்து உங்கள் அத்தாவுக்கு அனுப்புங்கள். மூக்குச் சட்டத்தில் இடிக்கும் படத்தை நண்பர்களுக்கு.

பறவைகளின் எண்ணிக்கையும் பெயரும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் தை மாத விடுமுறையையொட்டி வாருங்கள். 2015-லிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு மொட்டைமாடியிலிருந்துகூடச் சேர்ந்துகொள்ளலாம்.

உப்புக்காற்று லென்ஸைத் தின்றுவிடுமா?
(கட்டுமாவடி வாசகி)

தின்னும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. கண்ணாடியைக் காய்ந்த துணியால் நேரடியாகத் தேய்த்தால் உப்புப் பொடி கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். ஏ.சி. அறையில் தூங்கிய கேமராவை விடியலில் கரைக்குக் கொண்டுபோனால் வேர்த்துவிடும். முந்தைய இரவே பையோடு தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள்.

சேற்றில் இறங்க ஷூ நல்லதா, செருப்பு நல்லதா?
(அதே கல்லூரி மாணவர், கோட்டைப்பட்டினம்)

எதைப் போட்டாலும் ஒன்றைச் சேறு வாங்கி வைத்துக்கொள்ளும். வெறுங்காலோடு மட்டும் போகாதீர்கள், சிப்பி கிழிக்கும். பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு. உயிருள்ள நண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.